எஸ்டீம் 1.3-ஐ வீட்டு ஷெட்டிலேயே டிராக் ரேஸ் (நேர்கோட்டுப் பந்தயம்) காராக மாற்றுவது: எங்கிருந்து தொடங்கலாம்?

சோக்கு_கேபிள்:
வண்டி 2003 எஸ்டீம், 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ., ஜி13பிபி இன்ஜின். பாடியில துரு இல்லை. இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்குது. இனி ரோட்ல ஓட்டப் போறதில்லை, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல கால் மைல் (சுமார் 400 மீட்டர்) ஓட்ட மட்டும்தான். ஷெட்ல 2 டன் ஜாக், ஸ்டாண்டு, ஆர்க் வெல்டிங் மெஷின் இருக்கு, இன்ஜின் கிரேன் வாடகைக்குக் கிடைக்கும். திட்டம் இதுதான்: ஹெட் ஃபேஸிங் (ஹெட்டோட அடிப்பரப்பைச் சீவுறது), போர்ட்டிங் (ஹெட்ல காற்று போற வழியைச் சரிசெய்றது), வேற கேம் (வால்வைத் திறக்கிற தண்டு), 4-2-1 ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்), ஃப்ளைவீல் கடைஞ்சு எடை குறைக்கிறது, பேட்டரியை டிக்கிக்கு மாத்துறது. டர்போ வேண்டாம். இலக்கு 15.0 வினாடி. வரிசை சரியா?

கால்மைல்:
வரிசை தலைகீழா இருக்கு ப்ரோ. மொதல்ல கணக்கைப் பார்த்துடுவோம்.

வண்டி எடையை (ஓட்டுறவரோட சேர்த்து, பவுண்டில்) குதிரைத்திறனால வகுங்க. வர்ற எண்ணுக்குக் கனமூலம் எடுத்து 5.825-ஆல பெருக்கினா கால் மைல் நேரம் தோராயமா வரும். ஓரளவு பொருளைக் கழட்டின எஸ்டீம் ஓட்டுநரோட 925 கிலோன்னு வைங்க. கம்பெனி சொன்ன 85 குதிரைக்கு 16.8 வினாடி. 110-க்கு 15.4. அதே 110-ல 50 கிலோ குறைச்சா 15.1. அந்த 50 கிலோ 6 குதிரைக்குச் சமம், செலவு ஒரு ஸ்பானர் செட்டும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும்.

15.0-க்கு 925 கிலோவில 119 குதிரை வேணும். 890 கிலோவா இருந்தா 115 போதும். ஒரே கேம், ஸ்டாக் த்ராட்டில் பாடியோட 119 எடுக்கிறது கஷ்டம். 115 கஷ்டப்பட்டா வரும். அதனால எடைதான் முதல்ல.

இந்தச் சூத்திரம் டயர் நல்லா பிடிக்குதுன்னு வச்சுக்கிட்டுப் போட்டது. முன்சக்கர டிரைவ்ல அங்கதான் பிரச்சினையே.

லேத்துமணி:
பேட்டரியை டிக்கிக்கு மாத்துறதை உடனே பட்டியல்லேர்ந்து அடிங்க. அது பின்சக்கர டிரைவ் வண்டிக்காரங்க செய்யுற வேலை. அமெரிக்காக்காரன் மஸ்டாங்ல செய்றதை எஸ்டீம்ல செஞ்சா நேரம் கூடும். 12 கிலோவை இழுக்கிற சக்கரத்து மேலேர்ந்து எடுத்து, இழுக்காத சக்கரத்துக்கும் பின்னாடி கொண்டுபோய் வைக்கிறீங்க.

கால்மைல்:
லேத்துமணி சொல்றதுக்குக் கணக்கும் இருக்கு. எஸ்டீம் வீல்பேஸ் 2365 மி.மீ. ஈர்ப்பு மையம் தரையிலேர்ந்து 500 மி.மீ.னு வைங்க. 0.5 ஜி வேகமுடுக்கத்துல முன் ஆக்சில்லேர்ந்து பின்னாடி போற எடை: 925 × 0.5 × 500 ÷ 2365, கிட்டத்தட்ட 98 கிலோ. நிக்கும்போது முன்னாடி 60 சதவீதம், அதாவது 555 கிலோ. கிளம்பும்போது 457. டயரோட உராய்வு 1.0-ன்னா வண்டி போகக்கூடிய அதிகபட்சம் 0.49 ஜி. இன்ஜின்ல 90 குதிரை இருந்தாலும் 140 இருந்தாலும் முதல் கியர்ல இதைத் தாண்ட முடியாது, சக்கரம் சும்மா சுத்தும்.

முன்பக்கப் பங்கு 60-லேர்ந்து 63 ஆனா, அதே டயர்ல 0.52 ஜி. அதனால எடையைப் பின்னாடிலேர்ந்து கழிங்க. பின் சீட், ஸ்டெப்னி, ஜாக், டிக்கி கார்பெட், பின் கதவு டிரிம், பின் பார்சல் ட்ரே, பின் சீட் பெல்ட், பின் ஸ்பீக்கர். கார்பெட்டுக்கு அடியில, உள்தரையில ஒட்டியிருக்கிற தார் ஷீட்டையும் விடாதீங்க. ட்ரை ஐஸ் கிடைச்சா மேல கொட்டிட்டுச் சுத்தியலால தட்டினா ஓடு மாதிரி உடைஞ்சு வரும். இல்லைன்னா ஹீட் கன்னும் ஸ்கிரேப்பரும்தான். கழட்டுற ஒவ்வொண்ணையும் தராசுல போட்டு எழுதி வைங்க.

ஏசி கம்ப்ரஸர், கண்டென்ஸர் முன்பக்க எடைதான். ஆனாலும் போகட்டும், மொத்த எடையும் குறையும், இன்ஜினுக்கு ஒரு பெல்ட்டும் மிச்சம். கதவுக்குள்ள இருக்கிற இரும்பு பீமைத் தொடாதீங்க.

சோக்கு_கேபிள்:
பேட்டரி முன்னாடியே இருக்கட்டும். பின் ஸ்பிரிங்கை விறைப்பா போட்டா எடை பின்னாடி போகாதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

கால்மைல்:
//பின் ஸ்பிரிங்கை விறைப்பா போட்டா எடை பின்னாடி போகாது//

பாதி உண்மை. எவ்வளவு எடை மாறும்கிறதை உயரம், வீல்பேஸ், முடுக்கம் மூணும்தான் முடிவு செய்யும். ஸ்பிரிங் அதுல சேர்த்தி இல்லை. விறைப்பான ஸ்பிரிங் பின்பக்கம் குந்துறதைத் தடுக்கும். குந்தலைன்னா மூக்கு மேல தூக்காது, முன் சக்கரத்தோட கேம்பரும் (சக்கரத்தோட சாய்வு) டோவும் (சக்கரத்தோட முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மாறாது. லாபம் அங்கதான். நிஜமாவே எடை மாற்றத்தைக் குறைக்கணும்னா வண்டியைத் தாழ்த்தணும், இல்லை வீல்பேஸை நீட்டணும். அமெரிக்காவுல முன்சக்கர ஹோண்டா டிராக் கார்கள்ல பின்னாடி நீளமா ஒரு பார், குட்டிச் சக்கரத்தோட தொங்கும் பாருங்க, அது வண்டி தூக்காம இருக்க இல்லை. பின்பக்கம் தரையைத் தொடுற புள்ளியைத் தள்ளிப் போட்டு வீல்பேஸை நீட்டுறதுக்கு.

வீட்டு அளவுல செய்ய வேண்டியது: பின் ஸ்ட்ரட்டுக்கு விறைப்பான ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப்புக்கு மேல ஸ்பேசர், பின் டயர் 40 பி.எஸ்.ஐ., முன் டயர் 20-22-ல ஆரம்பிச்சு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1 பி.எஸ்.ஐ. மாத்திப் பாருங்க. முன் டோ நிக்கும்போது 1 மி.மீ. வெளிப்பக்கம். சக்கரம் இழுக்கும்போது புஷ் வளைஞ்சு டோ உள்ளே போகும், அப்போ நேராகிடும்.

ஈரக்கிளட்ச்:
புஷ்னு சொன்னதும் சேர்த்துடறேன். இன்ஜின் மவுண்ட் பழசா இருந்தா மத்த எதுவும் செய்யாதீங்க. மவுண்ட் ஆடினா வீல் ஹாப் வரும், அதாவது டயர் பிடிக்குது, வழுக்குது, பிடிக்குதுன்னு தடதடன்னு குதிக்கும். டிரைவ் ஷாஃப்டையும் சி.வி. ஜாயின்டையும் உடைக்கிறது குதிரைத்திறன் இல்லை, இந்தக் குதிப்புதான். லோயர் ஆர்ம் புஷ்ஷும் இன்ஜின் மவுண்ட்டும் பாலியூரிதேனுக்கு மாத்துங்க. கிடைக்கலைன்னா புது ரப்பர் மவுண்ட் வாங்கி அதோட வெற்றிடத்துல யூரிதேன் சீலன்ட் ஊத்தி ஒரு வாரம் காயவிடுங்க. வண்டி ஐடில்ல அதிரும், பரவாயில்லை.

ஃப்ளைவீலுக்கு வர்றேன். கடையாதீங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, 1.3 லிட்டருக்கு அடி டார்க் கம்மி. 5000-ல கிளட்ச் விடும்போது வண்டியை முதல் சில அடி தள்ளுறது ஃப்ளைவீல்ல சேர்ந்திருக்கிற சக்திதான். லேசாக்கினா ஆர்.பி.எம். பொத்துன்னு விழும், இன்ஜின் திணறும். சர்க்யூட் ரேஸுக்கு லேசான ஃப்ளைவீல் நல்லது, கால் மைலுக்கு அப்படியில்லை. ரெண்டு, ஸ்டாக் ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு. லேத்ல கடைஞ்சு மெலிஞ்சதை 7000-ல சுத்தினா வெடிக்கலாம். வெடிச்சா பெல் ஹவுசிங்கைக் கிழிச்சுட்டு வரும், பக்கத்துல உங்க கால் இருக்கு. லேசா வேணும்னா ஃபோர்ஜ்டு ஸ்டீல்ல புதுசு வாங்குங்க.

லேத்துமணி:
லேத் பட்டறைக்காரனா இதுக்கு ஆமோதிக்கிறேன். ஃபேஸ் மட்டும் சமன் செஞ்சு, ப்ரெஷர் பிளேட்டோட சேர்த்து பேலன்ஸ் பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க, போதும்.

சோக்கு_கேபிள்:
எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்தாம தடுக்கிற டிஃபரென்ஷியல்) விலை கேட்டா தலை சுத்துது. டிஃபரென்ஷியலை வெல்டு பண்ணிடலாமா?

ஈரக்கிளட்ச்:
முன்சக்கர டிரைவ்ல வேண்டவே வேண்டாம். ஸ்டியரிங் போற சக்கரமும் இழுக்கிற சக்கரமும் ஒண்ணுதான். ஒரு பக்கம் பிடி கூடினா ஸ்டியரிங் கையைப் பறிக்கும், பக்கத்து லேன்ல ஆள் இருக்கான். பிட்ல திரும்பும்போதே ஷாஃப்ட் முறுக்கும். காசு சேரும்வரை இப்போ இருக்கிற சாதா (ஓப்பன்) டிஃபரென்ஷியல்லயே ஓட்டுங்க, ரெண்டு முன் டயர் சுற்றளவும் ஒண்ணா இருக்கான்னு டேப் வச்சு அளந்து மாட்டுங்க. காசு சேர்ந்தா ஹெலிகல் டைப் எல்.எஸ்.டி. எடுங்க, பராமரிப்பு கிடையாது.

கியர்பாக்ஸ் உடையும், உடையாதுன்னு யாரும் சொல்ல முடியாது. புதுப்பேட்டையிலயோ உக்கடத்துலயோ ஒரு உபரி பாக்ஸ் பார்த்து வைங்க. வாங்குறப்போ இன்புட் ஷாஃப்டைக் கையால மேல கீழ ஆட்டிப் பாருங்க, ஆட்டம் தெரிஞ்சா பேரிங் போச்சு. டிரெயின் போல்ட் காந்தத்துல மாவு மாதிரி ஒட்டியிருந்தா சகஜம், செதில் செதிலா இருந்தா வைச்சுட்டு வந்துடுங்க. ஆயில் ஜி.எல்-4 மட்டும். பித்தளை சிங்க்ரோவுக்கு ஜி.எல்-5 பொதுவா ஒத்துக்காது.

கால்மைல்:
கியர் கணக்கும் இப்பவே போடுங்க. உங்க பாக்ஸைத் திறக்கும்போது பல் எண்ணி சரிபாருங்க. உதாரணத்துக்கு மூணாவது 1.28, ஃபைனல் 4.1-னு வச்சா மொத்தம் 5.25. 175/70 ஆர்13 டயரோட சுற்றளவு 1.8 மீட்டர். 7000 ஆர்.பி.எம்.ல மூணாவது கியர் வேகம் 144-145 கி.மீ. 15.0 வினாடி ஓடுற வண்டி கோட்டைத் தாண்டுற வேகம் சுமார் 146. அதாவது 7000-ல லிமிட்டர் (ஆர்.பி.எம். உச்சவரம்பு) வச்சா கோட்டுக்கு ஒரு மூச்சு முன்னாடி நாலாவது போட வேண்டி வரும், அதுல ஒரு பத்துல ரெண்டு வினாடி போகும். லிமிட்டரை 7200-ல வச்சா மூணாவதுலயே கோட்டைத் தாண்டிடலாம். ஸ்டாக் வால்வு ஸ்பிரிங் பழசுன்னா இந்த 200-க்கு நம்பாதீங்க, புதுசு போடுங்க.

15 இன்ச் வீல் போடுற ஆசை இருந்தா விட்டுடுங்க. 13 இன்ச், உயரமான சைடுவால், அதுதான் கிளம்பும்போது நசுங்கிப் பிடிக்கும்.

சோக்கு_கேபிள்:
புரிஞ்சுது. இப்போ இன்ஜினுக்கு வரலாமா? ஹெட்டை எவ்வளவு ஃபேஸிங் பண்ணலாம்?

லேத்துமணி:
திறக்கறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜின் சூடா, நாலு பிளக்கும் கழட்டி, த்ராட்டில் முழுசாத் திறந்து. 14 கி.கி./செ.மீ.² புதுசு, 12-க்குக் கீழே போனா மேஜர் வேலை. நாலுக்குள்ள வித்தியாசம் 1-ஐத் தாண்டக்கூடாது. குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு. ஆயில் குடிக்கிறது ரிங்காலயா வால்வு சீலாலயான்னு இதுலயே பாதி தெரிஞ்சிடும்.

ஃபேஸிங் எவ்வளவுன்னு யாராவது மி.மீ.ல சொன்னா நம்பாதீங்க. அளக்கணும். ஒரு சிலிண்டர் கொள்ளளவு 324.6 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் 9.5-ன்னா மேல மிச்சமிருக்கிற இடம் 38.2 சி.சி. 10.5 வேணும்னா 34.2. வித்தியாசம் 4 சி.சி.தான்.

அளக்கிற விதம்: ஹெட்டைக் கவுத்து மட்டமா வைங்க, வால்வும் பிளக்கும் மாட்டியிருக்கணும். 6 மி.மீ. அக்ரிலிக் ஷீட்ல ஒரு சின்ன ஓட்டை போட்டு, சேம்பர் (எரி அறை) விளிம்புல கிரீஸ் மெல்லிசா தடவி ஒட்டுங்க. ஓட்டை ஒரு ஓரமா, கொஞ்சம் மேடான பக்கம் வரட்டும். பியூரெட்ல சிவப்பு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) கலந்த மண்ணெண்ணெய். சொட்டு சொட்டா விடும்போது கடைசி குமிழ் ஓட்டை வழியா வெளியேறுற இடத்துல நிறுத்தி அளவு எழுதுங்க. நாலு சேம்பரும் 0.5 சி.சி.க்குள்ள இருக்கணும். பெரிசா இருக்கறதைத் தொடாதீங்க, சின்னதைத் தேய்ச்சு பெரிசுக்குச் சமமாக்குங்க, அப்புறம்தான் ஃபேஸிங். இதோட கேஸ்கெட் பருமன், பிஸ்டன் மேல் தலைக்கும் பிளாக்குக்கும் இடைவெளி, பிஸ்டன் குழி எல்லாம் கூட்டினாத்தான் உண்மையான கம்ப்ரஷன் வரும்.

4 சி.சி.யையும் ஹெட்லயே எடுத்தா கிட்டத்தட்ட 1 மி.மீ. போகும், அது நிறைய. கொஞ்சம் ஹெட்ல, கொஞ்சம் மெல்லிசான கேஸ்கெட்ல பிரிச்சுக்கோங்க. ஹெட் கீழே இறங்கினா கேம் டைமிங் பின்தங்கும். அட்ஜஸ்டபிள் கேம் புல்லி இல்லாம ஃபேஸிங் பண்ணிட்டு, அடியில இழுவை போச்சேன்னு கார்பெட்டரைத் தேடுற கூட்டம் நிறைய. கேம் மாத்தினா பிஸ்டன்-வால்வு இடைவெளி பாருங்க: பிஸ்டன் மேல களிமண் வச்சு, ஹெட்டை இறுக்கி, கையால ரெண்டு சுத்து சுத்திட்டுத் திறந்து, நசுங்கின இடத்தை வெட்டி அளங்க. இன்டேக்ல 2 மி.மீ., எக்ஸாஸ்ட்ல 2.5 இருந்தா நிம்மதி.

ரிங் கேப் (ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இடைவெளி): போர் அடிச்சு ஓவர்சைஸ் போட்டாலும் மேல் ரிங்குக்கு 0.30 மி.மீ. ரிங்கை பிஸ்டனாலயே உள்ளே தள்ளி நேராக்கிட்டு ஃபீலர் விட்டுப் பாருங்க. குறைஞ்சா சூட்ல முனைகள் முட்டி ரிங் லேண்டு உடையும். கூடினா கொஞ்சம் புகை, அவ்வளவுதான். சந்தேகம்னா கூட இருக்கட்டும்.

போர்ட்டிங்ல ஓட்டையைப் பெரிசாக்காதீங்க. வால்வு சீட்டுக்குக் கீழே 15 மி.மீ. தூரத்துல வார்ப்புப் பிசிறு, படி இதை மட்டும் எடுங்க. ஆதாயத்துல முக்கால்வாசி அங்கதான் இருக்கு.

ஸ்பார்க்_அட்வான்ஸ்:
கார்பெட்டரா? எம்.பி.எஃப்.ஐ. வண்டிங்க இது.

லேத்துமணி:
பழைய வாய். ஈ.சி.யூ.னு (இன்ஜின் கம்ப்யூட்டர்) படிச்சுக்கோங்க.

ஸ்பார்க்_அட்வான்ஸ்:
:) சரி. எரிபொருள் பக்கம் நான் சொல்றேன்.

இன்ஜெக்டர்: 120 குதிரைக்கு 80 சதவீத டியூட்டியில (இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரம்) ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு 197 சி.சி. வேணும். இப்போ பங்க்ல வர்றது ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), அதுக்கு 6-7 சதவீதம் கூட ஊத்தணும், ஆக 210. 240 சி.சி. இன்ஜெக்டர் எடுத்தா தாராளம். அதுக்கு மேல பெரிசு போட்டா ஐடில்ல சொதப்பும்.

ஈ20-ல ரெண்டு விஷயம். 2003 வண்டியோட ஃப்யூயல் ஹோஸ் ரப்பர் எத்தனாலுக்காகச் செஞ்சது இல்லை, உப்பி வெடிச்சு கசியும். டேங்க்லேர்ந்து ரெயில் வரைக்கும் விட்டான் ஹோஸ் மாத்துங்க. அடுத்தது மீட்டர். ஈ20-க்குச் சரியான கலவை 14.7 இல்லை, சுமார் 13.5. வைட்பேண்ட் மீட்டர்ல (எக்ஸாஸ்ட்ல கலவையை அளக்கிறது) காற்று-எரிபொருள் விகிதம் பார்க்காதீங்க, லாம்டா (சரியான கலவையை 1-ன்னு வச்ச அளவு) வச்சு ட்யூன் பண்ணுங்க. முழு த்ராட்டில்ல 0.86-0.88. இண்டியன் ஆயிலோட எக்ஸ்பி100 கிடைச்சா அதுல ஓட்டலாம், 10.5 கம்ப்ரஷனுக்கு மெட்ராஸ் வெயில்ல அந்த ஆக்டேன் உதவும். எந்தப் பெட்ரோல்ல ட்யூன் பண்ணீங்களோ அதேதான் போட்டியன்னைக்கும் டேங்க்ல இருக்கணும்.

ஸ்டாண்டலோன் ஈ.சி.யூ.வுக்கு (கம்பெனி ஈ.சி.யூ.வுக்குப் பதிலா நாமே ட்யூன் பண்றது) ஸ்பீடுயினோ போதும். முழு த்ராட்டில் ஸ்பார்க் 24 டிகிரியில ஆரம்பிங்க, 1 டிகிரி ஏத்தி ட்ராப் ஸ்பீடு (கோட்டைத் தாண்டுற வேகம்) பாருங்க. ஏறாம நின்னா அங்கேர்ந்து 2 டிகிரி குறைச்சு விட்டுடுங்க. வயரிங்ல எர்த்தை பாடியில கட்டாதீங்க, சென்சார் எர்த் எல்லாம் ஈ.சி.யூ.வுக்கு, பவர் எர்த் எல்லாம் இன்ஜின் பிளாக்குக்கு. இந்த ஒண்ணு தப்பினா டி.பி.எஸ். (த்ராட்டில் சென்சார்) ரீடிங் ஹெட்லைட் போட்டா மாறும்.

ஹெடர்ல குழாய் உள்விட்டம் 35-38 மி.மீ. அதுக்கு மேல போனா 5000-க்குக் கீழே செத்துடும்.

சோக்கு_கேபிள்:
ரோல் கேஜ் (வண்டிக்குள்ள போடுற பாதுகாப்புக் குழாய்ச் சட்டம்) ஆர்க் வெல்டிங்ல நானே பண்ணலாமா? ஜி.ஐ. பைப் 2 இன்ச் வீட்லயே இருக்கு.

மஞ்சள்_விளக்கு:
ஜி.ஐ. பைப்பை மறந்துடுங்க. தண்ணிக் குழாய் அது. இடிச்சா தையல்ல பிளக்கும், வெல்டு பண்ணும்போது துத்தநாகப் புகை வேற.

கோல்ட் டிரான் சீம்லெஸ் குழாய். மெயின் ஹூப் (ஓட்டுநருக்குப் பின்னாடி வர்ற பெரிய வளைவு) 45 × 2.5 மி.மீ. அல்லது 50 × 2.0. மத்த குழாய் 38 × 2.5 அல்லது 40 × 2.0. ஒவ்வொரு காலும் பாடியில உக்காருற இடத்துல 3 மி.மீ. தகடு, குறைஞ்சது 120 சதுர செ.மீ. போல்ட் கேஜ்னா ஒரு காலுக்கு மூணு எம்8, 8.8 கிரேடு. வளைக்கும்போது குழாய் சப்பையானா அந்தத் துண்டு குப்பை, மண் அடைச்சு வளைச்சாலும் சரி. வெல்டிங் மிக் அல்லது டிக், அதுக்குன்னு ஆள் வச்சு. நீங்க டேக் மட்டும் வைங்க. மெல்லிய பாடி ஷீட்ல ஆர்க் ஓட்டை போடும். வெல்டு பண்றதுக்கு முன்னாடி பேட்டரி, ஈ.சி.யூ. ரெண்டையும் கழட்டுங்க.

ஹார்னஸ் தோள்பட்டை பெல்ட் கேஜோட குறுக்குக் குழாய்ல, தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. தரையில கட்டினா இடியில முதுகெலும்பை அமுக்கும். வெளியிலேர்ந்து இழுக்கிற பேட்டரி கட்-ஆஃப், பாட்டிலோட கூலண்ட் ஓவர்ஃப்ளோ, ரெண்டு த்ராட்டில் ரிட்டர்ன் ஸ்பிரிங், உலோகப் பட்டையில இறுக்கின தீயணைப்பான். ஸ்க்ரூட்டினில (போட்டிக்கு முன்னாடி நடக்கிற வண்டிச் சோதனை) முதல்ல கேக்குறது இதைத்தான். அந்தந்தப் போட்டியோட துணை விதிகளைப் படிச்சுட்டுக் குழாய் வாங்குங்க, கிளாஸுக்குக் கிளாஸ் மாறும்.

ரேஸ் ட்ராக்குக்கு ஃப்ளாட்பெட்ல ஏத்திட்டுப் போங்க. இவ்வளவு மாத்தின வண்டி மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுல மாட்டும். 'ஈ.சி.ஆர்.ல ஒரு ட்ரையல்'னு நினைச்சா 189-ஆம் பிரிவு, ஜெயிலே உண்டு. அந்தப் பேச்சை இந்த இழைல எடுக்க வேண்டாம்.

சோக்கு_கேபிள்:
கடைசியா ஒண்ணு. பர்ன்அவுட் (கிளம்புறதுக்கு முன்னாடி டயரை நின்ன இடத்துல சுத்துறது) எவ்வளவு நேரம்? அதுக்கு ரியர் டிரம்முக்கு லைன் லாக் (பிரேக்கைப் பிடிச்சு வைக்கிற சாதனம்) வேணுமா?

கால்மைல்:
ஹேண்ட்பிரேக் போதும். கேபிளை இறுக்கி, டிரம் ஷூ அட்ஜஸ்ட் பண்ணி வைங்க. ஓட்டத்துக்கு முன்னாடி முழுசா விட்டிருக்கான்னு சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க. ஷூ உரசினா எங்க நேரம் போச்சுன்னு தெரியாமலே போகும்.

ரோடு டயர்ல தண்ணிப் பெட்டிக்குள்ள (பர்ன்அவுட்டுக்காகத் தண்ணி ஊத்தி வச்ச இடம்) போகாதீங்க, சுத்திப் போங்க. டயர் பட்டன்ல தண்ணி தங்கி ஸ்டார்ட் லைன்ல சொட்டும். ரெண்டாவது கியர்ல ரெண்டு மூணு வினாடி, மண் போற அளவு. புகை வர்ற வரைக்கும் சுத்தினா ரோடு டயர் ரப்பர் வழவழன்னு ஆகிடும். ஸ்டேஜ் விளக்கு (ஸ்டார்ட் லைனுக்கு வந்தாச்சுன்னு காட்டுறது) எரிஞ்ச உடனே நில்லுங்க, அதுக்கு மேல ஒரு அங்குலம் நகராதீங்க. அந்த இடத்துலேர்ந்து கடிகாரம் ஓடறதுக்குள்ள ஓர் அடி தூரம் இனாமா கிடைக்கும்.

கிளம்புறதை 4500 ஆர்.பி.எம்.ல ஆரம்பிங்க. டைம் ஸ்லிப்ல முதல் 60 அடியை மட்டும் பாருங்க. 2.4 வினாடி வந்தா சரி, 2.6-ன்னா ஆர்.பி.எம். குறைச்சு கிளட்சை இன்னும் இழுத்து விடுங்க. அந்த எண் ரெண்டு நாள் மாறாம வர்ற வரைக்கும் கேம் வாங்காதீங்க.